பச்சைத் தண்ணீர் என்ன நிறம்

காலை வணக்கப் படங்களைத் திறந்துகூடப் பார்க்காத என் மகனுக்கு,

ரோஜாப் பூ போட்ட படம் அனுப்பினேன், பதில் இல்லை. பிள்ளையார் படம் அனுப்பினேன், அவருக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. நீ பார்த்தாயா இல்லையா என்பதே எனக்குத் தெரியக் கூடாதென்று வாட்ஸ்அப்பில் படித்ததும் விழுகிற அந்த நீலக் கோட்டை வேறு எங்கேயோ அமுக்கி அடைத்து வைத்திருக்கிறாய். போன் செய்தால் "ஷிப்டுல இருக்கேம்மா" என்கிறாய். கஞ்சிக்கோட்டில் உள்ள அத்தனை கம்பெனி ஷிப்டையும் உன் ஒருவன் தலையிலேயே கட்டிவிட்டார்களா? சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், சிரித்துக்கொள். உன் அப்பா எட்டிப் பார்த்து, "என்னடி, ஐகோர்ட்டுக்கு மனு எழுதுறியா?" என்று கேட்டார். "ஆமா, ஒங்க மகன் மேலதான்" என்றேன். ஜீப் சாவியைச் சுழற்றிக்கொண்டே போய்விட்டார். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று ஏற்கனவே துடைத்த ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மனசு சரியில்லாவிட்டால் அவர் துடைக்கிற கண்ணாடி அது, உனக்குத்தான் தெரியுமே.

கடைசியாகப் பேசியபோது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று மாற்றிப் பேசக் கூடாது. "அம்மா, ஜாதகத்துல ஏதோ தடங்கல்னு எலப்புள்ளியில பொண்ணு வீட்டுக்குச் சொல்லிரு. வெள்ளிக்கிழமை ஜவுளி எடுக்கப் போறத நிப்பாட்டு. கல்யாணத்தப் பெறவு பாத்துக்கலாம்." ஜாதகமா? நீயும் கௌசல்யாவும் ஒரே கம்பெனியில் வேலை செய்து, ஒரே பஸ்ஸில் போய் வந்து, நீங்களே பார்த்து நீங்களே முடிவு செய்துவிட்டு வந்து எங்களிடம் சொன்னீர்கள். உன் ஜாதகம் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது, அதை யாரும் தொடவே இல்லை. இத்தனை நாள் யாருக்கும் வேண்டாத அந்தப் பாவப்பட்ட தாளின் மேல் இப்போது பழியைப் போடச் சொல்கிறாய். நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தடங்கல் ஜாதகத்தில் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிவப்பும் பச்சையும் உன் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு கல்யாணத்தை நிறுத்துவதென்றால், உன் அப்பாவின் குறட்டைக்கு நான் என்னென்ன நிறுத்தியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்.

நீ சின்னவனாக இருந்தபோது எஸ்டேட்டில் நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஏலக்காடு, ஓரத்தில் காப்பிச் செடி, மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. சாந்தன்பாறையில் எந்தப் பிள்ளையும் அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் பேச்சுக் கற்கும். "பச்சையா இருக்குறதப் பறிக்காதே, சிவப்பா இருக்குறத மட்டும் பறி" என்பதுதான் உனக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். நீயும் சரியாகத்தான் பறித்தாய். காப்பிப் பழத்தை இரண்டு விரலால் ஒரு அமுக்கு அமுக்குவாய். மெத்தென்று இருந்தால் "சிவப்பு" என்பாய், கல்லாட்டம் இருந்தால் "பச்சை" என்பாய். ஒருநாளும் தப்பாது. நாங்கள் உன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினோம். உன் அகராதியே வேறு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பச்சை என்றால் இன்னும் பழுக்காதது, சிவப்பு என்றால் பழுத்தது, அவ்வளவுதான் என்று நீயாக முடிவு கட்டியிருக்கிறாய். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? வேக வைக்காத முட்டை பச்சை முட்டை, காய்ச்சாத பால் பச்சைப் பால், பிறந்த பிள்ளை பச்சைப் பிள்ளை. ஒருநாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, பச்சைத் தண்ணி என்ன நெறம்?" என்று கேட்டாய். விழுந்து விழுந்து சிரித்தேன், லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அதைவிடக் கூத்து, உன் சித்தி வந்திருந்தபோது, "எங்க குடும்பத்துலயே இவதான் நல்ல சிவப்பு" என்று யாரோ சொன்னார்கள். நீ நேராகப் போய் அவள் கன்னத்தை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாய். "இன்னும் பழுக்கலம்மா" என்றாய். உன் சித்திக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

பள்ளிக்கூடத்தில் நீ வரைந்த இலையெல்லாம் தவிட்டு நிறம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டார். "ஏண்டா இலை இப்படி இருக்கு?" என்று என் முன்னாலேயே உன்னைக் கேட்டார். நீ கொஞ்சமும் அசராமல், "வெயில் காலம் டீச்சர், காஞ்சு போச்சு" என்றாய். டீச்சரும் சிரித்தார், நானும் சிரித்தேன். என் பிள்ளைக்கு வாய் நீளம் என்று பெருமையாக நடந்து வந்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் உன் சாயப் பென்சில்களின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் எழுதியிருந்த பெயரைப் படித்துப் பார்த்து அடுக்கி வைத்தாய். அதற்குப் பிறகு உன் இலைகள் எல்லாம் பச்சைதான்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கேலி வராது. உனக்குப் பரீட்சை லீவு. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க ஏலக்காட்டுக்குள் வந்தாய். நாங்கள் எல்லோரும் குத்தவைத்து, செடியின் அடியில் தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்திலிருந்து காய் எடுத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று, "அம்மா, கைய எடு!" என்று கத்தினாய். நான் எடுப்பதற்குள் என் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாய். தலைமுடி போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். "எங்கடா, என்னடா?" என்று பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், ஒருத்திக்கும் ஒன்றும் தெரியவில்லை. செடித் தண்டு, இலை, சரம், அவ்வளவுதான். "இந்தா, இவ்வளவு பெருசா சுத்திக்கிட்டு இருக்கே, தெரியலையா?" என்று நீ அழுகிற குரலில் கேட்கிறாய். தண்டோடு தண்டாக, இலையோடு இலையாகப் பச்சை விரியன். அது நாக்கை நீட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன் தலைக்கும் என் விரலுக்கும் நடுவில் ஒரு கொத்துக் காய்தான் இருந்தது. "ஒன் மகனுக்குக் கழுகுக் கண்ணுடி" என்றார்கள். நான் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கொண்டைய மெதுவாப் பிடிச்சா ஆகாதாடா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்க அப்போது என் வாய்க்கு வந்தது?

உன் கண்ணைப் பற்றி உனக்கே தெரிய வந்தது ரயிலால். பாலக்காட்டு ஸ்டேஷனில் உன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு என்ஜின் பக்கத்தில் நீ நின்றது, டிரைவர் உன்னைப் பார்த்துக் கை காட்டியது, அன்றிலிருந்து நீ ரயில் ஓட்டப் போகிறவன்தான். மலையில் பிறந்த பிள்ளைக்கு ரயில் எங்கே என்று ஊரே கேட்டது. நீ படித்தாய், பரீட்சை எழுதினாய், பாஸும் ஆனாய். கண் பார்க்கும் இடத்தில் ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். அன்றைக்குத் திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து நீ சொன்னது என் காதைவிட்டுப் போகவில்லை. "எல்லாம் புள்ளி புள்ளியா இருந்துச்சும்மா. உள்ளுக்குள்ள ஒரு நம்பர் இருக்குன்னாங்க. ஒண்ணுமே இல்லம்மா. என்னய ஏமாத்துறாங்கன்னு நெனச்சேன்." உன் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஜீப்பைக் கழுவ ஆரம்பித்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழையில் நின்று வண்டி கழுவிய மனிதர் இந்த மலையிலேயே அவர் ஒருவர்தான். எடை பற்றவில்லையாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லச் சொன்னாய், சொன்னேன். அவர்கள் பாவம், பலாப்பழமும் முட்டையுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த வருஷம் நீ நன்றாகத் தேறிவிட்டாய்.

சரி, இப்போது நடந்ததற்கு வருகிறேன். எலப்புள்ளியில் நிச்சயம் முடிந்த மறுநாள் எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கித் தருகிறேன் என்று கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். எனக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்து முடித்ததும், நீ மெதுவாக உன் கதையை எடுத்தாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கண்ணாடி எனக்கு, ஆஸ்பத்திரி உனக்கு. அந்த டாக்டரம்மா மலையாளத்துப் பெண், சின்ன வயசு, பொறுமைசாலி. "அம்மே, இது அசுகம் ஒண்ணும் அல்ல. ஜனிக்கும்போதே உள்ள ஒரு வித்தியாசம், அத்தரையே உள்ளூ" என்றார். நோய் இல்லை, பிறவியிலேயே உள்ள வித்தியாசம்தான், மருந்தும் இல்லை, கண் கெட்டும் போகாது என்றார். எப்படி வந்தது என்று நீ கேட்டாய். அவர் நான் எஸ்டேட்டுக்காரி என்று தெரிந்துகொண்டு, ஒரு தாளின் பின்பக்கத்தில் நம் லயத்தை வரைந்தார். ஒட்டி ஒட்டி வீடுகள், நடுவில் ஒரே சுவர்.

நீ அன்றைக்குக் காதைக் கொடுத்தாயே தவிர மனசைக் கொடுக்கவில்லை. அதனால் எனக்குப் புரிந்தபடி திரும்பச் சொல்கிறேன். கண்ணுக்குள்ளே பின்பக்கம் திரை மாதிரி ஒரு தோல் இருக்கிறதாம். நிறம் பார்க்கிற வேலை அங்கேதான். அந்த வேலையைச் செய்ய எழுதி வைத்த எழுத்துகள் நம் உடம்பின் ஒவ்வொரு துளியிலும் நூல் நூலாகச் சுருண்டு கிடக்கின்றனவாம். அதில் ஒரு நூலில், சிவப்பு பார்க்கிற எழுத்தும் பச்சை பார்க்கிற எழுத்தும் நம் லயத்து வீடுகள் போல அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டு இருக்கின்றனவாம். ஏனென்றால் ஆதியில் அது ஒரே வீடு. எத்தனையோ காலத்துக்கு முன்னால், நமக்கும் குரங்குக்கும் பொதுவான பாட்டன் முப்பாட்டன் இருந்த காலத்தில், அந்த வீட்டை அப்படியே பார்த்து ஒட்டி இன்னொரு வீடு கட்டிவிட்டது உடம்பு. பிறகு போகப் போக இரண்டாவது வீட்டில் ஒரு ஜன்னல் கொஞ்சம் நகர்ந்தது, ஒரு கதவு கொஞ்சம் மாறியது. ஒன்று சிவப்பு பக்கம் சாய்ந்தது, ஒன்று பச்சை பக்கம் நின்றது. இலைக்குள் மறைந்திருக்கிற பழுத்த பழத்தைக் கண்டுபிடிக்க அந்தக் குரங்குப் பாட்டனுக்கு இது உதவியிருக்கும் என்று சொல்கிறார்களாம். நம் காப்பித் தோட்டப் பாடம்தான், பள்ளிக்கூடம் மட்டும் ரொம்பப் பழசு.

ஆனால் இரண்டு வீடும் ஒரே அச்சு அல்லவா? தாயிடமிருந்து பிள்ளைக்கு நூலை அளந்து கொடுக்கும்போது, எது எந்த வீடு என்று சிலசமயம் அளவு தப்பிவிடுமாம். நம் லயத்தில் புதுப் போஸ்ட்மேன் வந்தால் மூன்றாம் வீட்டுக் கடிதத்தை நாலாம் வீட்டில் போடுவானே, அது மாதிரி. அப்போது ஒருத்தருக்கு ஒரு வீடே காணாமல் போகும், அல்லது பாதி இந்த வீடும் பாதி அந்த வீடுமாக ஒட்டிப்போகும். அது எப்போதோ, நம் வம்சத்தில் யாருக்கோ நடந்தது. நீ அதற்குள் குடியிருக்கிறாய், அவ்வளவுதான். நீலம் பார்க்கிற வீடு மட்டும் இந்த லயத்திலேயே இல்லையாம், வேறொரு நூலில், வேறு எஸ்டேட்டில் தனியாக இருக்கிறதாம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"அப்ப குரங்குக்குத் தெரியுறது எனக்குத் தெரியல, அப்படித்தான டாக்டர்?" என்று நீ கேட்டாய். உன் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் நான் குறுக்கே புகுந்து, "கோழிக்கு எப்படிங்க டாக்டர்?" என்று கேட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். அவர் மட்டும் சிரித்துவிட்டு, கோழிக்கு நம்மைவிட நிறம் பார்க்கிற வழி அதிகம் என்றும், மாட்டுக்கும் நாய்க்கும் உன்னைப் போலத்தான் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து நம் கோழியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அது பாவம் என்று நினைக்கிறதா? எனக்குத் தெரியாத ஏதோ ஒரு நிறம் அதற்குத் தெரிகிறது, குப்பையைக் கிளறிக்கொண்டு அது பாட்டுக்கு இருக்கிறது. எனக்கும் அந்த நிறம் இல்லாமல் ஒரு குறையும் இல்லை. பச்சை விரியன் கதையையும் அவரிடம் சொன்னேன். நிறத்தைப் பார்த்து நாங்கள் ஏமாந்து போகிற இடத்தில், உன்னைப் போன்றவர்கள் சிலருக்கு உருவமும் வரியும் முந்திக்கொண்டு தெரிவது உண்டு என்றார். நீ அப்போது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய், "எனக்குப் பொறக்கப்போற பிள்ளைகளுக்கு வருமா?" என்று. பெண்ணுக்கு அந்த நூல் இரண்டு, ஆணுக்கு ஒன்று என்றார். பெண்ணுக்கு ஒன்று பழுதானாலும் இன்னொன்று ஓடிவிடும். அதாவது பொம்பளைக்கு ஸ்டெப்னி டயர் உண்டு, ஆம்பளை ஸ்டெப்னி இல்லாத வண்டி. உன் அப்பாவிடம் இப்படிச் சொன்னபோதுதான் அவருக்கும் விளங்கியது. உன் மகனுக்கு உன்னிடமிருந்து இது போகாது. உன் மகளுக்குக் கட்டாயம் போகும், அவள் என்னைப் போல நன்றாகப் பார்ப்பாள், ஆனால் அவள் பெறும் பையனுக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். இதைக் கேட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன்தான், இன்றுவரை இறங்கவில்லை. அன்று பஸ்ஸில், "எனக்கு ஒரு பொண்ணு பொறந்து, அது தன் மகன்கிட்ட தலைகுனிஞ்சு நிக்கணுமாம்மா?" என்று கேட்டாய். நான் உன் பக்கத்து சீட்டில் தலைநிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். நீ பார்க்கவில்லை.

என் கதையைக் கேள். எனக்கு இது என் அப்பாவிடமிருந்து வந்தது, அவர் காய் பறித்த கதையைக் கேட்டதும் டாக்டரம்மா அடித்துச் சொன்னார். அப்பா காப்பி எடுத்தால் கூடையில் பாதி பச்சைக்காய் கிடக்கும். கங்காணி திட்டித் திட்டி, கடைசியில் மூட்டை தூக்கும் வேலைக்கு மாற்றிவிட்டான். அவருக்குக் கம்பத்துப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. அதை உன் மாமன்மார் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார். எனக்கு ஒரு ஜோடித் தோடும் ஒரு பித்தளைக் குடமும். பொம்பளைப் பிள்ளைக்கு என்ன சொத்து என்று நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது பார்த்தால், அவர் நினைத்தாலும் தன் ஆண் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாத ஒன்றை எனக்கு மட்டும் கொடுத்திருக்கிறார். உன் மாமன்கள் அழுது புரண்டாலும் அந்த நூல் அவர்களுக்குக் கிடையாது. பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, பட்டா என் பேரில். அதைத்தான் சிந்தாமல் சிதறாமல் உன்னிடம் சேர்த்திருக்கிறேன். நீ என்னடா என்றால் வில்லங்கச் சொத்து என்கிறாய்.

அவர் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போவார். துணிக்கடையில் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி, "ஆத்தா, இது என்ன நெறம்னு சொல்லு" என்பார். நான் சொன்னால்தான் வாங்குவார். கடைக்காரர்கூட, "என்னய்யா, மக உத்தரவு இல்லாம சட்ட எடுக்க மாட்டீரா?" என்று கிண்டல் செய்வார். என் மேல் அத்தனை பிரியம் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடப்பேன். இப்போது தெரிகிறது, அவருக்கு என் கண் தேவைப்பட்டிருக்கிறது. அதனால் பிரியம் குறைந்துபோனதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னால் பார்க்க முடியாததை என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்லி, நான் சொன்னதை அப்படியே நம்பி உடுத்திக்கொண்ட மனிதர். அதைவிடப் பிரியத்தை எப்படிக் காட்டுவது? ஆனால் ஒன்று, என் அம்மாவிடம் அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கட்டிய மனைவி முன்னால் வெட்கம். அம்மா கடைசி வரைக்கும் தன் புருஷன் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர் என்றே குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குறை அவளுக்கு வந்திருக்கவே வேண்டாம், ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன். உன்னைச் சுமக்கும் முன்னால் அந்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, உனக்கொரு மகன் பிறப்பான், அவனுக்கு இலையும் பழமும் ஒரே நிறமாகத் தெரியும், பெற்றுக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தால், நீ இருந்த இடத்துக்கே வந்து உன் காதைப் பிடித்துத் திருகி, "இந்தாடா, கீழ எறங்கி வா" என்று அப்போதே கூட்டி வந்திருப்பேன். உன் மகளும் அப்படித்தான் செய்வாள். அவள் என்னைப் போலத்தானே இருப்பாள், ஸ்டெப்னியோடு? அவள் வாய்க்கு நீ இப்போதே பயந்து வைத்துக்கொள்.

இனிமேல் எழுதப்போவது நான் எழுதக் கூடாதது. வாக்குக் கொடுத்திருந்தேன், மீறப்போகிறேன். நீ போன் எடுக்காததால் கௌசல்யா எனக்குப் போன் செய்தாள். எடுத்ததும், "ஏனுங்க அத்தை, சாப்டாச்சுங்களா?" என்று கேட்டாள். குரலில் சாப்பாடு இல்லை. நான் சாப்பிட்டேன் என்பதற்குள் அவளே ஆரம்பித்தாள். "அத்தை, போன மாசம் எங்க தோட்டத்துல தக்காளி பறிக்கறப்ப அவரும் வந்தாருங்க. நாங்கெல்லாம் கண்ணுல பாத்துப் பறிச்சமுங்க. உங்க மகன் வெரல்ல பாத்துப் பறிச்சாருங்க. ஒவ்வொரு பழத்தையும் அமுக்கி அமுக்கி! எங்கப்பா, 'மாப்பிள்ளை பழத்துக்குக் கைநாடி பாக்கறாரு'ன்னு சிரிச்சாருங்க." எனக்கு உன் சித்தியின் கன்னம் ஞாபகம் வந்து போனிலேயே சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு மெதுவாக, "நிச்சயத்தன்னைக்கு நான் அரக்குச் செவப்புல சீலை கட்டியிருந்தனுங்க அத்தை. அந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்குன்னு சொன்னாருங்க. நான் ஆமான்னு சொல்லிப்போட்டனுங்க" என்றாள்.

கேட்டாயா, ஐயா? அவளுக்குத் தெரியும். உன்னைவிட நன்றாக ஒளித்து வைத்திருக்கிறாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தொண்டையைக் கனைத்தேன். உன் தாய் கனைத்தால் அது ஆமாம் என்று அவளுக்கு அதற்குள் பழகிவிட்டது. "ஏம்மா, நீயே அவன்கிட்டக் கேக்கலாம்ல?" என்றேன். "நான் கேட்டா ஓடிப்போயிருவாருங்க. அவரா சொல்லட்டும்னு இருக்கறனுங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க" என்றாள். கேட்காமலே ஓடிவிட்டான் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. உன் மகள், மகள் வயிற்றுப் பையன் என்ற சங்கதியையும் சொல்லவில்லை. அது நான் சொல்லக் கூடாதது, நீ சொல்ல வேண்டியது.

போனை வைக்கும் முன்னால் அவள் கேட்டாள். "அவருக்கு எந்த நெறமுங்க அத்தை நெசமாலுமே தெரியும்?" இதற்குமா கனைப்பது? நீலம் என்று சொல்லிவிட்டேன். அவள், "அப்ப முகூர்த்தப் பட்டு நீலத்துலயே எடுத்துப்போடலாமுங்க" என்றாள். அந்த நேரம் பார்த்து அவள் அம்மா பக்கத்தில் வந்தாள் போல. "ஏனுங்கோ சம்மந்தியம்மா, முகூர்த்தத்துக்கு ஆராச்சும் நீலம் கட்டுவாங்களா? ஊரு என்ன பேசும்?" என்று அங்கிருந்தே சத்தம். அந்தம்மா சொல்வதும் சரிதான், அவர்கள் வழக்கம் அரக்குதான். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள் அம்மா, நடுவில் அந்தப் பெண். அவளே ஒரு வழி சொன்னாள். "சரிங்க, அரக்கே எடுத்துக்கலாமுங்க. கரை மட்டும் நல்ல அகலமா நீலம் வெச்சுத் தேடலாமுங்க. சீலைய ஊர்க்காரங்க பாக்கட்டும், கரைய அவரு பாக்கட்டும்." அவள் அம்மாவுக்கு ஏன் கரை நீலம் என்று இன்னும் விளங்கவில்லை. ஆனால் சரி என்றுவிட்டாள். நான் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். புதுக் கண்ணாடி, இன்னும் பழகவில்லை.

வெள்ளிக்கிழமை நாங்கள் மலையிறங்கி வருகிறோம். கோயமுத்தூர் கடை வாசலில் நீ நிற்க வேண்டும். உள்ளே அவர்கள் மலை மாதிரி சேலைகளைப் பிரித்துப் போடுவார்கள். அதில் பாதி உனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். தெரிந்த மாதிரி தலையாட்டாதே, எல்லாம் நன்றாயிருக்கிறது என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்காதே. ஒன்றைக் கையில் எடுத்து, அவளைப் பார்த்து, உன் தாத்தா என்னிடம் கேட்டது மாதிரி, "இது என்ன நெறம்னு சொல்லு" என்று கேள். அவ்வளவு போதும். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். கடைக்காரன் சிரித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தத் தாள்களை உன் அப்பா வரிசையாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பப் போகிறார். கண்ணாடி துடைத்து முடித்துவிட்டாராம், வேறு வேலை இல்லையாம். நீ பதில் எழுத வேண்டாம், போனும் செய்ய வேண்டாம். அடைத்து வைத்திருக்கிற அந்தக் கோட்டை மட்டும் திறந்துவிடு. நாங்கள் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம். நீ படித்ததும் அது நீலமாகட்டும். அந்த ஒரு நிறத்தில் உனக்கும் எனக்கும் வழக்கே கிடையாது.

உன் கொண்டைக்காரி